சொத்தையில்லாத காய்

"ஊர் ஜனங்களுக்கு ஒண்ணுமே தெரியலீங்க, அம்மா."

வெள்ளியங்கிரி மூச்சு வாங்க வந்து நின்றார். ஐம்பது வயதில் துணிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு மலையடிவார மடத்துக்கு வந்தவர். குரு பரஞ்சோதி அம்மாள் அவரைவிட இளையவர். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"செங்கோடன் கத்தரிக்காயைச் சந்தையில ஒருத்தரும் சீந்தலை. மருந்தடிக்காத காய்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு ஓட்டையைப் பார்த்ததும் வச்சுட்டுப் போறாங்க. நிலக்கடலை எந்த மரத்துல காய்க்குதுன்னு ஒரு அம்மா கேட்குது!"

செங்கோடன் பக்கத்துத் தோட்டக்காரன். பேசிப் பேசியே அவனைப் பூச்சிமருந்தை விடவைத்தவர் வெள்ளியங்கிரி.

"காயை என்ன பண்ணினீங்க?"

"மாட்டுக்குக் கொட்டினோம். அவன் ஒரு வார்த்தை பேசலை. வண்டியை ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்."

"அவன் வீட்டுக்குப் போனீங்களா?"

"எந்த முகத்தோட போறது?"

அம்மாள் ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"அவங்களுக்குத் தெரியலை. சரி. உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும்மா. அதனாலதானே வயிறு எரியுது."

அம்மாள் அடுத்த கீரைக்கட்டை எடுத்தார்.

அதன்பின் வெள்ளியங்கிரி ஊர்க்காரர்களைத் திட்டாமல் ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. செங்கோடனின் வேலிப் பக்கம் மட்டும் போகவில்லை.

பௌர்ணமி அன்னதானம் வந்தது. காய் வாங்கச் சந்தைக்குப் போனார்.

கத்தரிக்காய்க் குவியல் முன் குந்தினார். ஒவ்வொன்றாக எடுத்தார். அழுத்தினார். காம்படியைத் திருப்பிப் பார்த்தார். லேசாகத் துளை தெரிந்ததையெல்லாம் ஒதுக்கினார்.

"அந்தச் சாமி பொறுக்கற பக்கமே எடுடீ," என்றாள் ஒருத்தி, பக்கத்தில் நின்றவளிடம்.

கூடை நிறைந்தது. வெள்ளை வரியோடிய ஊதாக் காய்கள், எண்ணெய் தடவினாற்போல மின்னின.

மடத்தில் கூடையை இறக்கினார்.

"எங்க விளைஞ்சது?" என்று கேட்டார் அம்மாள்.

"எங்கியோ. சந்தையில வாங்கினேன்."

அப்போதுதான் செங்கோடனின் மனைவி பாவாயி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"சாமி, அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மருந்தடிச்சுக்கிட்டே தோட்டத்துல விழுந்துட்டாரு. வாயெல்லாம் நுரைங்க."

"மருந்தா? அவன்தான் விட்டுட்டானே?"

"விட்டாருங்க. வாங்கறதுக்கு ஆளில்லையே. அன்னிக்குக் காயைக் கொட்டிட்டு வந்தவரு, மறுநாளே அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. இன்னிக்குக் காலையில கொண்டுபோன காய் மொத்தமும் கடைக்காரங்களே வந்து அள்ளிட்டாங்க. அந்தச் சந்தோஷத்துல, ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிக்காம மருந்து டேங்கைத் தோள்ல மாட்டிட்டுப் போனாருங்க."

அவள் கண் கூடையில் விழுந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது எங்க காய். நீங்க கையில குடுத்த விதைங்க, சாமி."

வெள்ளியங்கிரி குனிந்து பார்த்தார். அந்த வரிகளை அவருக்குத் தெரியும். விதைக்காக அவரே வளர்த்த செடி அது.

"பிழைச்சுக்குவானா?"

"டாக்டரு ஒண்ணும் சொல்லலீங்க."

அம்மாள் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்தார். சுற்றிலும் திருப்பிப் பார்த்தார். ஒரு துளைகூட இல்லை.

அதை வெள்ளியங்கிரியின் கையில் வைத்தார்.

"நல்ல காயாத்தான் பார்த்துப் பொறுக்கியிருக்கீங்க."