முதல் வாரல் உப்பு யாருக்கு?

இந்தக் கதைக்கு விடை தெரிந்துவிட்டதாக நினைப்பவர்கள் கடைசிவரை பொறுத்திருங்கள். எங்கள் காரவிளையில் அவசரப்பட்டு விடை சொன்னவர்கள் எல்லோரும் தோற்றுத்தான் போனார்கள்.

காரவிளை உப்பு விளைகிற ஊர். நாற்பது குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து நடத்தும் உப்பளம் எங்களுடையது. அதைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பருவத்தில் பாத்தியிலிருந்து முதன்முதலாக வாரியெடுக்கும் 'முதல் வாரல்' உப்பை ஒரு மரக்கால் அளந்து, அளத்துக்கு அந்த ஆண்டு நல்லது செய்த ஒரே ஒருவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். இரண்டு பேருக்குப் பிரித்ததே இல்லை. ஒருமுறை கரை உடைந்தபோது அளத்துக் காவலாளி விடிய விடிய நின்று ஒரு பக்கம் அடைத்தார். வழியோடு போன லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு மறுபக்கத்தை அடைத்தார். உப்பு ஓட்டுநருக்குத்தான் கிடைத்தது. காவலாளி ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், ஊர் அசையவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளாக எங்களுக்கு மாசியிலும் மழை, சித்திரையிலும் மழை. உப்பு விளையும் காலத்தில் மழை பெய்தால் பாத்தியிலுள்ள உப்பு கரைந்துவிடும். மறுபடி நிலத்தடி உப்புநீரை இறைக்க வேண்டும். டீசல் என்ஜினை ஓட்டி ஓட்டி, அந்தச் செலவிலேயே சங்கம் ஓய்ந்துபோனது. அடுத்த பருவத்துக்குள் வேறு வழி பிறக்காவிட்டால் அளத்தை மூடுவதைத் தவிர வேறில்லை.

அப்போது சங்கத் தலைவர் தேர்தல் வந்தது. சூசைமிக்கேல் நின்றார். "சூரியப் பம்பு வாங்காம ஓய மாட்டேன்" என்று எல்லோர் முன்பும் சத்தியம் செய்துதான் ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார். சொன்னபடி முப்பத்தொரு திங்கட்கிழமை மாவட்ட அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு போனார்.

மனு அந்த அலுவலகத்துப் பொறியாளர் அசன்கனியிடம் வந்து சேர்ந்தது. பருவம் தப்பி ஆண்டுக்குப் பதினைந்து நாளாவது மழை பெய்த அளத்துக்குத்தான் சூரியப் பம்பு என்பது அரசுத் திட்டத்தின் விதி. அலுவலகப் பதிவில் காரவிளைக்கு இருந்தது ஆறு நாள். 'தகுதி இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அன்று சங்கக் கூட்டத்தில் முத்துப்பேச்சி ஒரு தாள் கட்டைத் தூக்கி வைத்தாள். உப்பு வாரும் பெண் அவள். பதினோரு ஆண்டுகளாகக் கிழித்த நாள்காட்டித் தாள்கள் அவை. ஒவ்வொன்றின் முதுகிலும் அவள் கையெழுத்து: 'பங்குனி ஒன்பது. பத்து நிமிசம் தூறல். மூணு பாத்தி போச்சு.' கடந்த ஆண்டில் மட்டும் இருபத்தொரு நாள். எழுதச் சொல்லி யாரும் அவளிடம் கேட்டதில்லை. "மழையைக் கணக்கெடுக்கிறாளாம், பெரிய கலெக்டரு!" என்று சிரித்தவர்களில் நானும் உண்டு.

சங்கம் சேதி சொல்லி அனுப்ப, தாள்களைப் பார்க்க அசன்கனி நேரிலேயே வந்தார். "இதெல்லாம் தூறலும்மா. ரெண்டரை மில்லிமீட்டருக்குக் கொறஞ்சா மழை நாள்னு கணக்குல வராது" என்றார்.

"அந்தக் கணக்குல வராத தூறலை நீங்களே ஊத்திப் பாருங்க சார்" என்றாள் பேச்சி.

அவரும் விடவில்லை. பாத்தியில் ஒரு சதுர மீட்டர் அளந்து, பூவாளியில் இரண்டே லிட்டர் தண்ணீர் எடுத்து, பொறுமையாகத் தெளித்தார். அன்று காலைதான் பாலாடை போல ஏடு கட்டியிருந்த உப்பு அது. அவர் கண் முன்னாலேயே கரைந்து போனது. பிறகு, 'என் முதல் அறிக்கை தவறு. உப்பளத்தில் தூறலும் மழையே' என்று தன் கைப்பட எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அதற்காக அவருக்கு மெமோ வந்தது. ஆனாலும் கோப்பு நகர்ந்தது. நாற்பது குடும்பத்துக்கும் சூரியப் பம்பு வந்தது, விதியும் மாறியது.

இந்தப் பருவத்தின் முதல் உப்பு வாரப்பட்டது. மரக்கால் நிறைந்தது.

"முப்பத்தொரு நாள் வேலைய விட்டுட்டு அலைஞ்சது நான்" என்றார் சூசைமிக்கேல். அவர் செருப்பு தேய்ந்ததை ஊரே பார்த்திருக்கிறது.

"மெமோ வாங்கினது நான்" என்றார் அசன்கனி. சிரித்துக்கொண்டே சொன்னாலும் ஆசை முகத்தில் தெரிந்தது.

பேச்சியும் விட்டுக்கொடுக்கவில்லை. "அண்ணாச்சி, அது எனக்குத்தான் வேணும். வீட்டுக்குக் கொண்டுபோக இல்ல. அது போகவேண்டிய எடம் ஒண்ணு இருக்கு."

மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் பம்பு வந்திருக்காது. அப்படியானால், முதல் வாரல் உப்பு யாருக்கு உரியது? சொல்லுங்கள்.

விடை: முத்துப்பேச்சிக்கு. காவலாளியின் கதையை நினைத்துப் பாருங்கள். சூசைமிக்கேல் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், அசன்கனி செய்த தவறைத் திருத்தினார். இருவரையும் எங்கள் ஊர் கையெடுத்துக் கும்பிடும், ஆனால் கடமைக்கு உப்பு அளப்பதில்லை. அரசாங்கத்தின் கடமைக்கு மாலை போடப் பழகிவிட்டால், அடுத்த கடமைக்கும் அது மாலைக்காகக் காத்திருக்கும். யாரும் கேட்காமல், கேலிக்கும் நடுவில், வானத்துக்குப் பதினோரு ஆண்டு சாட்சி எழுதியவள் பேச்சி ஒருத்திதான். அந்த உப்பை அவள் பொட்டலம் கட்டித் தலைநகரில் இருக்கும் அரசாங்கத்துக்கு அனுப்பினாள். கூடவே ஒரு நாள்காட்டித் தாள்: 'உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. இது நாங்க இட்ட உப்பு. எங்க பம்பு வெயில்ல ஓடுது. பருவம் தப்பி மழை பெய்ய வைக்கிற நிலக்கரிப் புகைய எப்ப நிறுத்தி, ஊருக்கெல்லாம் வெயில்லயும் காத்துலயும் கரண்டு குடுப்பீங்க? தேதி போட்டு எழுதுங்க.' இப்போது தினமும் தாளின் முதுகில் மழையோடு இன்னொரு வரியும் எழுதுகிறாள்: 'இன்னைக்கும் பதில் வரல.' இந்த முறை எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை.