டாக்டர் திருமூர்த்தியின் கொட்டாங்குச்சி கேஸ்

டாக்டர் திருமூர்த்தி வாயைத் திறந்தால் மயிலாத்தா முதல் வேலையாகப் பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிடுவாள். அவர் பேச்சைக் கேட்டு நின்றால் பால் பொங்கி வழிந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் பதினாலு வருசமாகக் கேன்டீன் நடத்துகிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

அன்றைக்கு, அந்தக் காலேஜ் புரொபசரான சார் கையில் ஒரு பேப்பர் இருந்தது. கேன்டீன் விறகு அடுப்பை இடித்துவிட்டு, அவருடைய லேபில் கொட்டாங்குச்சியை எரித்து எடுக்கிற கேஸில் சமைக்க மயிலாத்தாவுக்குச் சம்மதமாம். கையெழுத்துதான் பாக்கி. கேஸ் ஒருநாள் வராவிட்டால் முந்நூறு பிள்ளைகள் பட்டினி, மறுநாளே கேன்டீன் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"பயமே வேண்டாம்மா. போன வாரம் ஒரே ஒரு கொட்டாங்குச்சிதான் போட்டேன். அந்தக் கேஸ்ல ஜெனரேட்டர் ஓடி ஹாஸ்டல் பூரா லைட்டு எரிஞ்சுது."

"போன வாரம் ஹாஸ்டல் இருட்டாத்தானுங்களே கிடந்துச்சு?" என்றார் பஸ் டிரைவர் நஞ்சப்பன், போண்டாவை மென்றபடி.

"பசங்க கண்ணு கூசுதுன்னாங்க, அணைச்சுட்டேன். அடுத்து ரெண்டு போட்டேன் பாருங்க, மீட்டர் பின்னாடி சுத்த ஆரம்பிச்சிருச்சு. போன வருசம் எரிச்ச கரண்டையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டுத்தான் நின்னுச்சு."

"மூணு போட வேண்டியதுதானுங்களே?"

"போட்டிருப்பேன். ஆழியாறு டேம் தண்ணி திரும்ப மலையேறிருக்கும். ஜனங்க குடிக்கத் தண்ணி வேணுமேன்னு பாவம் பார்த்து விட்டுட்டேன்."

நஞ்சப்பனுக்குப் புரையேறியது. மயிலாத்தா தண்ணீரை நீட்டினாள். எவ்வளவு நல்ல மனசு சாருக்கு!

"அள்ளிப் போடறது யாருங்க?" என்று கேட்டாள்.

"இயந்திரக் கை! யாரும் சொல்லித் தர வேண்டாம். அட்டெண்டர் சென்னியப்பன் செய்யறதை ஒரு வாரம் பார்த்துச்சு, அப்படியே கத்துக்கிச்சு. கனத்துக்குத் தக்கபடி வேகத்தைத் தானே மாத்திக்கும். ஜப்பான்ல பூகம்பம் வந்தப்ப, இங்கிருந்தே தெரிஞ்சுக்கிட்டு கொட்டாங்குச்சியை ஒரு நூல் அளவு தள்ளிப் போட்டுச்சுன்னா பார்த்துக்கோங்க. நேத்து நான் தும்மப்போறது எனக்கே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சு கர்சீப்பை நீட்டுது!"

"அவ்வளவு கெட்டிக்காரக் கைன்னா, அந்தக் கேஸ்ல ஒரு டீ போட்டுக் குடுங்க சார். குடிச்ச கையோட கையெழுத்துப் போட்டுடறேன்."

"ஒரு டீயா? பத்தே நிமிசம்!" சார் லேபுக்கு போன் போட்டார்.

பத்து நிமிசம் அரை மணியானது. கேன்டீன் பின்னாலிருந்த தகரக் கூரையில் டமார் என்று ஏதோ விழுந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. மாடியில் இருக்கும் லேப் ஜன்னலிலிருந்து கொட்டாங்குச்சியாகக் கொட்டியது. சென்னியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், கேஸே வரலீங்க, வெறும் புகைதான்! கை எல்லாத்தையும் வெளிய வீசுதுங்க!"

"ஏன்?"

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். "ஈரக் கொட்டாங்குச்சி வந்து புகைஞ்சா, காய்ஞ்சதையும் சேர்த்துக் கூடையில இருக்கறதையெல்லாம் நான் அப்படித்தானுங்க வீசுவேன். ஒரு வாரமா அது பார்த்தது அதைத்தானே."

சார் கைதட்டினார். "பார்த்தீங்களா! ஈரம்னு தானே கண்டுபிடிச்சு வெயில்ல காயப் போடுது! உலகத்துல எந்தக் கை செய்யும்?"

மயிலாத்தா நேராகப் பின்னால் போய், கிடந்ததில் காய்ந்ததாகப் பொறுக்கி மடியில் கட்டி வந்து விறகு அடுப்பில் தள்ளினாள். ஜெகஜ்ஜோதியாகப் பிடித்தது. டீயை ஆற்றி சார் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க சார், உங்க கை எடுத்துக் குடுத்த கொட்டாங்குச்சியில போட்ட டீ. ஆறிப் போறதுக்குள்ள குடிங்க. அந்தப் பேப்பரையும் இங்கியே வெச்சுட்டுப் போங்க, நாளைக்கு அடுப்புப் பத்தவைக்கோணும்."