யாரும் தடுக்காத காசி யாத்திரை

என் கைய வேணும்னா புடிச்சுக்கோ, மைதிலி. ஆனா கண்ண மூடிண்டாதான் அத்தை கதை சொல்லுவேன். நடுநடுல "ம்" கொட்டணும். கொட்டலேன்னா நீ தூங்கிட்டேன்னு எழுந்து போய் சீரியல் பாப்பேன். சரியா?

ஒரு ஊர்ல ஒரு பிரம்மச்சாரி இருந்தான். பேரு பட்டாபி. பிரம்மச்சாரின்னா யாருன்னு கேக்கறியா? கல்யாணம் பண்ணிக்காம, மனசு அங்க இங்க அலையாம, படிப்பே கதின்னு இருக்கறவன். பெரியவாள்லாம் வாழ்க்கைய நாலு கட்டமா பிரிச்சு வெச்சிருக்கா. மொதல்ல படிக்கணும். அப்புறம் கல்யாணம் பண்ணிண்டு குடும்பம் நடத்தணும். அப்புறம் வீட்டுச் சாவிய பசங்ககிட்ட குடுத்துட்டு ஒதுங்கிக்கணும். கடைசில எல்லாத்தையும் விட்டுட்டு சன்யாசியாப் போகணும். உங்க தாத்தா மூணாவதுல இருக்கார். சாவியக் குடுத்துட்டார், டிவி ரிமோட்டத்தான் குடுக்க மாட்டேங்கறார். சிரிக்காதே, தூக்கம் கலைஞ்சுடும்.

நம்ம பட்டாபி என்ன பண்ணினான்? நேரா நாலாவதுக்குத் தாவப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிண்டிருந்தான். "கல்யாணமா? சம்சாரம்கறது சேறு. நான் காசிக்குப் போற ஆளு." தயிர் வாங்கப் போன எடத்துலயும் இதே பேச்சு. தயிர்க்காரி பாவம், ஒரு கரண்டி கூட ஊத்தி சீக்கிரமா அனுப்பி வெச்சுடுவா.

அப்புறம் அவன் அம்மா ஒரு பொண்ணு பாத்தா. பக்கத்து ஊர் அம்புஜம். போய்ப் பாத்துட்டு வந்து, "அம்மா மனசு நோகக் கூடாதேன்னு ஒத்துக்கறேன்"னு பெரிசா பெருமூச்சு விட்டான். விட்டுட்டு அன்னிக்கு ராத்திரி வழக்கத்த விட நாலு தோசை கூட சாப்ட்டான். ம் சொல்லு.

கல்யாணத்துல காசி யாத்திரைன்னு ஒண்ணு உண்டு. உன் சித்தப்பா கல்யாணத்துல பாத்தியே? மாப்பிள்ளை கண்ணுக்கு மை வெச்சுண்டு, குடை, தடி, விசிறியெல்லாம் எடுத்துண்டு, "எனக்குக் கல்யாணம் வேண்டாம், நான் காசிக்குப் போறேன்"னு கிளம்புவார். பொண்ணோட அப்பா தேங்காயோட வந்து, "வேண்டாம் மாப்ளே, என் பொண்ணக் கல்யாணம் பண்ணிக்கோங்கோ"ன்னு தடுப்பார். மாப்பிள்ளை உடனே திரும்பிடுவார். எல்லாருக்கும் தெரிஞ்ச நாடகம்தான்.

பட்டாபியும் அப்படித்தான் குடையோட கிளம்பினான். ஆனா அம்புஜத்தோட அப்பா வரதாச்சாரி வெள்ளந்தி. பட்டாபி பேசின பேச்செல்லாம் அவர் காதுக்கும் வந்திருந்தது. தேங்காயோட வந்தவர் பட்டாபி மூஞ்சியப் பாத்தார், கண்ணு கலங்கிடுத்து. தேங்காயக் கீழ வெச்சுட்டு தடால்னு கால்ல விழுந்தார். "இவ்வளவு வைராக்யம் இருக்கற மகானத் தடுத்தா என் குலத்துக்கே பாவம். போயிட்டு வாங்கோ"ன்னார். பீப்பீன்னு ஊதிண்டிருந்த நாயனக்காரர் பாதில நிறுத்திட்டார்.

திரும்பிட வேண்டியதுதானேன்னு கேக்கறியா? அவ்வளவு பேசினவன் எப்படித் திரும்புவான்? மானம் போயிடுமே. நடந்தான். புதுச் செருப்பு வேற. கிறீச், கிறீச், கிறீச். அவனுக்கு அம்புஜத்த அவ்வளவு பிடிச்சிருந்தது. முகூர்த்தம் முடியறதுக்குள்ள யாரும் கூப்பிடலேன்னா அவ கெடைக்கவே மாட்டா.

தெருமுனைல கல்லு குத்தினாப்பல நின்னான். அப்போ ஒரு மாமி ஓடி வந்தா. அப்பாடா, கூப்பிடத்தான் வராள்னு நெனச்சான். மாமி கால்ல விழுந்து, "மகானே, எங்காத்துக்காரரையும் காசிக்கு அழைச்சிண்டு போங்கோ, நான் நிம்மதியா இருப்பேன்"னா. கிறீச், கிறீச்.

அப்புறம் சமையல் கொட்டகை வந்தது. நெய்யில முந்திரி சொய்ங்ங்னு பொரியறது. சமையல்காரர் கரண்டியோட வெளில வந்தார். சாப்ட்டுப் போங்கோம்பார்னு பட்டாபிக்கு நாக்குல ஜலம் ஊறித்து. அவர் இவன ஏற எறங்கப் பாத்துட்டு, உள்ள திரும்பி, "டேய், மாப்பிள்ளை சன்யாசி ஆயிட்டார், ஒரு இலைய எடுத்துடு"ன்னார்.

ம்? முழிச்சிண்டுதான் இருக்கே.

அப்புறம் ஊர் எல்லைல ஒரு குளம். அரசமரத்தடில நெஜமான சன்யாசி ஒருத்தர் தடியால முதுகு சொறிஞ்சிண்டிருந்தார். "எங்கடா?"ன்னார். "காசிக்கு. எல்லாத்தையும் விட்டுட்டேன்"னான் பட்டாபி. "எத விட்டே?"ன்னார். பட்டாபி விரல் விட்டு எண்ணப் பாத்தான். ஒரு விரல் கூட மடங்கல. "இலைல இன்னும் பரிமாறவே இல்ல, அதுக்குள்ள போதும் போதும்னு கைய நீட்டறயே. நான் சாப்ட்டு எழுந்தவன். நீ பசியோட வந்திருக்கே, பக்கத்துல உக்காந்து என் பிராணன வாங்குவே. போடா"ன்னுட்டார்.

அங்கயும் எடமில்ல. பட்டாபிக்கு அழுகை முட்டிண்டு வந்தது.

அப்போ ஜல் ஜல் ஜல்னு கொலுசுச் சத்தம். அம்புஜம். ஒரு கைல புடவைக் கொசுவம், ஒரு கைல அப்பா கீழ வெச்ச தேங்காய்.

"எங்கப்பா யார் எது சொன்னாலும் நம்பிடுவார். நான் நம்பல"ன்னா.

"ஏன்?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்குத் தரையப் பாத்துண்டே இருந்தேள். ஆனா டவரால என் மூஞ்சி தெரிஞ்சுது, அதையே பாத்துண்டிருந்தேள். காபி ஆறிப் போச்சு." பட்டாபி காது செவந்து போச்சு. அவ விடல. "நானா இழுத்துண்டு போக மாட்டேன். காசியா, கல்யாணமா? வாயத் திறந்து சொல்லுங்கோ."

"கல்யாணம்"னான், எறும்புக்குக் கூட கேக்காம.

"கேக்கல."

"கல்யாணம்!"னு கத்தினான். அரசமரத்துக் காக்காயெல்லாம் சடசடன்னு பறந்துது. "இத மொதல்லயே கத்தியிருந்தா நான் தூங்கியிருப்பேன்"னு சன்யாசி திரும்பிப் படுத்துண்டார். அப்புறம் ரெண்டு பேரும் ஓடினா பாரு, முகூர்த்தத்துக்கு. செருப்பக் கைல எடுத்துண்டு ஓடினான்.

அப்புறம் குடும்பம், குழந்தைகள், சண்டை, சமாதானம், எல்லாம். சாவியையும் பசங்ககிட்ட குடுத்தாச்சு. ஒரு நாள் பட்டாபி பரண்லேர்ந்து அந்தப் பழைய குடைய எடுத்துத் தூசி தட்டி, "அம்புஜம், நெஜமாவே காசிக்குப் போகலாம் வா"ன்னான். ரெண்டு பேரும் கூக்கூன்னு ரயில்ல போனா.

காசிக்குப் போனா ரொம்பப் பிடிச்சது ஒண்ண அங்க விட்டுட்டு வரணும்னு வழக்கம். கங்கைக் கரைல புரோகிதர் கேட்டார், "என்ன விடறேள்?" பட்டாபி, "பாவக்கா"ன்னான்.

"பொய், சுவாமி. அத இவர் தொட்டதே இல்ல"ன்னா அம்புஜம்.

"அப்போ ரொம்பப் பிடிச்சது எது?"ன்னார் அவர். சடசடன்னு மழை பிடிச்சுண்டுது. காலமெல்லாம் விடறேன் விடறேன்னு ஊரக் கூட்டினவன் இப்போ வாயே திறக்கல. குடைய விரிச்சு அம்புஜம் பக்கமா நகத்திப் பிடிச்சான். அவன் தோளெல்லாம் நனைஞ்சுது. புரோகிதர் ரெண்டு பேரையும் பாத்தார், "சரி, பாவக்காயே இருக்கட்டும்"னுட்டார்.

விடல, பாத்தியா? மைதிலி? ம் வரலையே.

நீயாவது என் கைய விடுடீ கண்ணு, மரத்துப் போச்சு. விட மாட்டியா? சரி, வெச்சுக்கோ. கதை காசிக்குப் போயாச்சு, நீயும் தூங்கு.