கால் மணி நேர அமைதி

புது ஆசிரியை செங்கமலத்தின் தகுதிகாண் பருவம் முடிந்தது. கல்வி அதிகாரி தணிகாசலம் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். அவரோ சத்துணவு முடிந்த கையோடு மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தார்.

"கால் மணி நேரம் இங்க சத்தமே வரக்கூடாது. அப்பதான் கையெழுத்து."

நாற்பது பிள்ளைகளும் சந்தைக்கடையாய் இரைந்துகொண்டிருந்தார்கள். செங்கமலம் பணிவாகக் கேட்டாள்.

"ஐயா, உங்க சர்வீஸ் அனுபவத்தைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவர் குளிர்ந்துபோய்த் தொடங்கினார். முதல் பதவி உயர்வுக்கு வருவதற்குள் பாதி வகுப்பு தூங்கிவிட்டது. இரண்டாவதில் மிச்சமும் சாய்ந்தது.

"கால் மணி ஆச்சு ஐயா. சத்தமே இல்லை," என்று செங்கமலம் மெல்லப் பேனாவை நீட்டினாள்.

தணிகாசலம் அப்போதுதான் வகுப்பைப் பார்த்தார். முகம் சிவக்கக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, யாரும் விழித்துவிடாமல் அடிமேல் அடி வைத்து வெளியேறினார்.