நேர்கோடும் ஒரு வளைவும்

ஒரு காலத்தில், தூத்துக்குடியிலிருந்து வளைகுடாவுக்குப் போன சரக்குக் கப்பல் ஒன்றின் மேல்தட்டில், லாரி நீளத்துக்கு ஆறு இரும்புக் குளிர்பெட்டிகள் ஒரே வரிசையில் நின்றன. ஒன்றில் பச்சை வாழைத்தார்கள். ஒன்றில் உறைந்த இறால். அடுத்தடுத்து உறைந்த பரோட்டா, கணவாய் மீன், ஐஸ்கிரீம், மாதுளை.

ஆறும் கப்பலின் மின்சாரத்தைக் குடித்து உயிர் வாழ்ந்தன. காலையும் மாலையும் ஜெர்வாஸ் மொத்தா என்ற எலெக்ட்ரீஷியன் வந்து ஒவ்வொன்றின் முகத்திலும் எரியும் வெப்பநிலை எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டு போவார்.

இறால்பெட்டியின் முகத்தில் எப்போதும் மைனஸ் இருபத்திரண்டு. வாழைப்பெட்டியின் முகத்தில் பதின்மூன்றரை.

"உன் குளிரெல்லாம் ஒரு குளிரா? எங்கள் ஊரில் அதை வெயில் என்போம்" என்று பரோட்டாப்பெட்டி வாழைப்பெட்டியைக் கேலி செய்யும்.

"எனக்குள் இருப்பவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. அதற்கு மேல் குளிர்ந்தால் கருத்துவிடும்" என்று வாழைப்பெட்டி பணிவாகச் சொல்லும். இறால்பெட்டி அதிகம் பேசாது.

துறைமுகம் சேர ஒரு நாளும் சிறிது நேரமும் இருந்தபோது, நடுப்பகலில், அந்த வரிசைக்கு மின்சாரம் கொடுத்த பலகை புகைந்து கருகியது. ஆறு பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஊமையாயின.

மொத்தா ஓடி வந்தார். வேறு பலகையிலிருந்து அவசரமாக ஒரு கம்பி இழுத்தார். கூடவே தலைமை எஞ்சினியர் வேங்கடபதியும் வந்தார்.

"இந்தக் கம்பி அஞ்சைத்தான் தாங்கும் சார். ஆறாவது போட்டா இதுவும் போயிரும்."

"மாத்தி மாத்திப் போடலாமே, மொத்தா?"

"ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மோட்டார் ஒரேயடியா இழுக்கும் சார். அந்த இழுப்பைத் திரும்பத் திரும்பத் தாங்காது. ஒண்ணை விட்டுரணும். கரை போய்ச் சேர இருபத்தாறு மணி நேரம்."

வேங்கடபதி வரிசையைப் பார்த்தார். "அப்ப வாழையை விட்டுருவோம். பதின்மூணரைதானே? வெளியே வச்சாலும் ஒரு நாள் தாங்குமே."

வாழைப்பெட்டி அதைக் கேட்டது. உள்ளே இருந்த காய்கள் மூச்சை அடக்கிக்கொண்டன.

"இல்ல சார்" என்றார் மொத்தா. "அது மூச்சு விடுற சரக்கு. மூடின பெட்டிக்குள்ள அதோட மூச்சே அதுக்குச் சூடு. ஒரு சீப்பு பழுத்தாப் போதும், அந்த வாசத்துல மொத்தப் பெட்டியும் பழுத்துரும். கரையில இறக்கும்போது கூழுதான் இருக்கும். உறைஞ்ச சரக்கு ஒண்ணை விடுறதுதான் நியாயம்."

"எதை? ஒண்ணும் தாங்காதுன்னா வாழையைத்தான் விடணும்."

"பார்த்துச் சொல்றேன்."

மொத்தா வாழையையும் மாதுளையையும் பிறகு சேர்க்க ஒதுக்கிவிட்டு, உறைந்த நான்கை மட்டும் ஒவ்வொன்றாகக் கம்பியில் செருகினார். எதன் மோட்டார் உடனே உறுமவில்லையோ, அதற்குள் குளிர் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். எல்லோருக்கும் ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு.

அவர் நெருங்க நெருங்க, பெட்டிகள் பதறின.

"நான் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறேன்!" என்றது பரோட்டாப்பெட்டி. உறைந்த சரக்குக்கு விதித்த எல்லையான மைனஸ் பதினெட்டில் அது இருந்தது. அது பொய் சொல்லவில்லை. கணவாயும் அப்படித்தான்.

"ஒரு டிகிரி கூடினாலே நான் நான் இல்லை" என்றது ஐஸ்கிரீம்பெட்டி. அதுவும் உண்மைதான்.

ஒவ்வொன்றும் மின்சாரம் தொட்டதும் உரக்க உறுமி, தன் தேவையைச் சொன்னது. கடைசியாக மொத்தா இறால்பெட்டியின் பிளக்கைச் செருகினார். இறால்பெட்டியின் மோட்டாரும் துடித்தெழப் பார்த்தது.

"சும்மா இரு" என்றது இறால்பெட்டி தன் மோட்டாரிடம்.

"எனக்குப் பசிக்கிறதே!"

"பசிக்கட்டும். நமக்குக் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது. பக்கத்தில் இருப்பதற்கு இல்லை."

மொத்தா கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்வு இல்லை. முகத்தில் மைனஸ் இருபத்திரண்டு அசையாமல் நின்றது.

"சார், இதைக் கழட்டிருவோம்" என்று அவர் கூப்பிட்டுச் சொன்னார். "இதுதான் தாங்கும்."

பிளக்கைக் கழற்றி, வாழையையும் மாதுளையையும் கம்பியில் சேர்த்த பிறகும் அவர் போகவில்லை. பெரிய தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, இறால்பெட்டியின் கூரைக்கு மேலே வெயில் படாதபடி இழுத்துக் கட்டினார். "யாரும் இந்தக் கதவைத் தொடக்கூடாது" என்று அட்டையில் எழுதி மாட்டினார்.

அரபிக்கடல் வெயில் இரும்பை வறுத்தது. ஐந்து பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது.

"எப்படி இருக்கிறாய்?" என்று வாழைப்பெட்டி கேட்டது.

"மைனஸ் இருபத்தொன்று."

பொழுது சாய்ந்தபோது மறுபடி கேட்டது.

"இருபது. பயப்படாதே."

"எனக்காக இப்படி ஏன் செய்தாய்? உனக்கு என்னைத் தெரியக்கூடத் தெரியாதே."

இறால்பெட்டி சொன்னது: "நான் கொடுப்பது என்னுடையது இல்லை. சரக்கு ஏற்றிய அன்று, லாரி டிரைவர் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். குளிரறைப் பொறுப்பில் பெர்னதெத் என்று ஒரு அம்மா. 'பதினெட்டு வந்தாச்சே, ஏத்துங்க' என்றார் டிரைவர். அந்த அம்மா, 'பதினெட்டு போதும்னு சட்டம் சொல்லுது. வழியில என்ன வரும்னு சட்டத்துக்குத் தெரியுமா? இன்னும் நாலு மணி நேரம் பொறுங்க' என்று சொல்லிவிட்டு, கம்பளிக் கையுறைக்குள் விரல் விறைக்க அங்கேயே நின்றார். அந்த நாலு மணி நேரத்தைத்தான் இப்போது செலவழிக்கிறேன்."

மறுநாள் காலையில் வாழைப்பெட்டி கேட்டபோது பதில் வரவில்லை. உள்ளே இறால்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு, தங்கள் குளிரை வெளியே விடாமல் காத்துக்கொண்டிருந்தன. பேசினால் அதுவும் ஒரு சூடு.

பிற்பகலில் கப்பல் கரை சேர்ந்தது. பெட்டிகளை இறக்கியதும் மொத்தா முதலில் இறால்பெட்டிக்குத்தான் கரை மின்சாரம் கொடுக்கச் சொன்னார். மோட்டார் இருமி, திணறி, ஓடத் தொடங்கியது.

சரக்கை வாங்கிக்கொள்ள வந்திருந்த தர அதிகாரி சுலைகா, கீழக்கரைக்காரர். வாழைப்பெட்டியின் வெப்பப் பதிவுத் தாளை விரித்தார். புறப்பட்ட நாளிலிருந்து ஒரு கோடு, இடையே ஒரு சிறு புள்ளி விக்கல் தவிர, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக ஓடியது. கதவைத் திறந்தார். காய்கள் பச்சையாக, கிள்ளினால் பால் வடியும் போல் இருந்தன.

"மாஷா அல்லாஹ்! அருமையான பெட்டி" என்று கதவைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்து இறால்பெட்டியின் தாள். கடைசிப் பகுதியில் கோடு குன்றுபோல் எழும்பியிருந்தது. அவர் முகம் மாறியது.

"இதைத் தனியா வைங்க. இது வேணாம்."

மொத்தா கப்பல் படியிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தார். "அம்மா, ஒரு நிமிஷம். அது அந்தப் பெட்டியோட குத்தம் இல்ல." நடந்ததை எழுதி எஞ்சினியர் கையெழுத்திட்ட தாளை நீட்டினார்.

சுலைகா படித்தார். "அண்ணே, காகிதத்தை நான் நம்புறேன். ஆனா சாப்பிடப்போற சனங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்று ஊசி வெப்பமானியை எடுத்தார். நடுவிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி, மூலையிலிருந்து ஒன்று, கதவோரத்திலிருந்து ஒன்று என்று குத்திப் பார்த்தார். கதவோரத்தில்கூட மைனஸ் பதினெட்டரை.

சுலைகா ஏற்பு முத்திரையைக் குத்தினார். "யாரு ஏத்தினாங்களோ, அவங்க கை நல்லா இருக்கட்டும்" என்றார்.

மொத்தா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். போகிற போக்கில் இறால்பெட்டியின் கதவில் ஒரு முறை உள்ளங்கையை வைத்துவிட்டுக் கப்பலேறினார்.

லாரி வந்து இறால்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே போயிற்று. நன்றி சொல்ல வாழைப்பெட்டிக்கு நேரம் கிடைக்கவில்லை.

பரோட்டாப்பெட்டி அதைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னது: "அது போகட்டும். உன் தாளைப் பார்த்தாயா? ஒரு வளைவுகூட இல்லை. கெட்டிக்காரன் நீ!"

வடக்கே போன லாரி கண்ணுக்கு மறையும்வரை வாழைப்பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னது:

"வளைவு எனக்கும் உண்டு. அதை இன்னொருவர் தாளில் எழுதியிருக்கிறார்கள்."