அலகிலிருந்து விழுந்த மணி

அந்தக் காலத்தில், கோழிகளுக்கும் பேச்சு இருந்தபோது, ரோமாபுரியில் சகுனம் பார்க்கும் பூசாரிகளைக் கேட்காமல் ஒரு கப்பல்கூடக் கரையைவிட்டு நகராது. போருக்குப் புறப்படும்முன் கூண்டுக் கோழிக்குத் தானியம் போடுவார்கள். அது தின்னாவிட்டால் பயணம் கிடையாது. தின்றால் நல்லது. தின்னும்போது அலகிலிருந்து ஒரு மணி தரையில் விழுந்துவிட்டாலோ, அதைவிட நல்ல சகுனமே இல்லை. கோழி வாயால் சொல்வதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். பேசுகிற எதுவும் பொய் சொல்லும் என்பார் பெரிய பூசாரி.

துறைமுகத்துக் கூண்டில் அப்போதுதான் குஞ்சு பொரித்த ஒரு சாம்பல் கோழி இருந்தது. ஒரு போர்க்கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாலேரியா என்றொரு பெண் ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். நாளைக்குத் தின்னுடாதே. என் பிள்ளையும் அந்தக் கப்பல்ல போறான். கடலோட நிறமே சரியில்லை.”

“பசி காதை அடைக்குதும்மா. நான் ஆவலாத் தின்னணும்னுதான் பூசாரி பட்டினி போட்டிருக்கார்.”

“உனக்கும் பிள்ளைங்க இருக்கே!”

கோழி இறக்கைக்குள் குனிந்து பார்த்தது. “சரி. ஒரு மணிகூட என் தொண்டைக்குள்ள இறங்காது. போம்மா.”

விடிந்ததும் பூசாரி தானியத்தை வீசினார். கோழி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

“என்ன பூசாரியாரே, உங்க கோழிக்கு இன்னிக்கு விரதமா?” என்று தளபதி சிரித்தான். கூட்டத்தில் நின்ற வாலேரியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடைசிக் குஞ்சு துவண்டு சாய்ந்தது. “அம்மா, இதுதான் சாப்பாடா? எப்படிச் சாப்பிடறது?”

நான் விழுங்கினால்தானே தப்பு என்று நினைத்தது கோழி. ஒரே ஒரு மணியைக் கொத்தி, குஞ்சின் முன்னால் போட்டது.

“விழுந்தது! அலகிலிருந்து விழுந்தது!” என்று பூசாரி கூவினார்.

“ஐயோ, இது சகுனமில்லை! குஞ்சுக்குப் போட்டேன்!” கோழி கத்தியது. கொம்புகள் முழங்கின. கப்பல் மறையும்வரை கத்தியதில் அதன் பேச்சே உடைந்துபோயிற்று.

கப்பல் திரும்பவில்லை. வாலேரியா மட்டும் ஒருநாள் கூண்டருகே வந்து நின்றாள். திட்டவில்லை. “ஏன்?” என்று மட்டும் கேட்டாள்.

கோழி வாயைத் திறந்தது. கொக், கொக் என்றுதான் வந்தது. ஒரு மணியை எடுத்துக் குஞ்சின் முன்னால் போட்டுக் காட்டியது. மறுபடியும் எடுத்துப் போட்டுக் காட்டியது. அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முதல்தான் தாய்க்கோழி கிடைத்த மணியைத் தான் விழுங்காமல் கொத்திக் கொத்திக் கீழே போடுகிறது. போட்டுவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி, கொக் கொக் என்று இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.