பித்தளைக் கூரை வீடு

வெகு காலத்துக்கு முன்னே நெல்லிமலை நாட்டைக் கடம்பராயன் என்றொரு ராசா ஆண்டான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதையே மறுப்பான். ஒரு கோடையில் வெயில் தாங்காமல், "அடுத்த சித்திரைக்குள் குன்றின்மேல் சின்னதாய் ஒரு வேனில் வீடு வேண்டும். மனசுக்குப் பிடித்தபடி கட்டுகிறவனுக்கு மந்திரிப் பதவி" என்று சொல்லிவிட்டான்.

மந்திரி ஏகம்பர் வாயைத் திறக்குமுன், சபையிலிருந்த அதிகாரி பூதலிங்கம் எழுந்தான். அந்தப் பதவிமேல் அவனுக்கு வெகுநாளாய்க் கண்.

"மந்திரியார் கட்டினால் மாட்டுக்கொட்டில்தான் வரும், மகாராசா. நான் கட்டுகிறேன்."

ஏகம்பர் சிரித்துவைத்தார். ஆனால் அந்தச் சொல்லை மறக்கவில்லை.

கட்டினான் பூதலிங்கம். கூரைக்குப் பித்தளைத் தகடு. ஊரார் பார்க்கவேண்டுமென்று வாசல் மேற்கே. சுவர்ச் சித்திரம் கெடுமென்று சன்னலே கிடையாது. முகப்பை மறைக்கிறதென்று முன்னாலிருந்த வேப்பமரங்களையும் வெட்டிவிட்டான். அரண்மனை மாடத்திலிருந்து பார்த்த ராசா சொக்கிப்போனான்.

"நாளைக்கே குடியேறுவோம். மந்திரி மோதிரமும் அங்கேயே கைமாறட்டும்."

ஏகம்பர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஆகட்டும் அரசே. ஆனால் புது வீட்டுத் தோஷம் போகத் தச்சு கழிக்க வேண்டாமா? கட்டினவனும் சம்சாரமும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே முதல் விருந்து சாப்பிடாமல், வேறெவரும் கால் வைப்பது நம் நாட்டு வழக்கமில்லையே."

அந்த மரியாதை தனக்கல்லவா என்று பூதலிங்கம் பூரித்தான்.

மறுநாள் உச்சிவேளையில் புருசனும் பெண்சாதியும் பட்டுடுத்தி உள்ளே போனார்கள். ஏகம்பர், தாம் முன்பே பார்த்துவைத்த ஓரிடத்துக்கு, வீட்டின் பின்புறம் ராசாவை அழைத்துப்போனார். அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை. தெற்கும் வடக்கும் திறப்பு, மேற்கே தட்டி, மேலே வெட்டாமல் விட்ட ஒரு வேம்பு. கயிற்றுக் கட்டிலில் சாய்ந்த ராசாவுக்குக் கண் சொருகியது.

வீட்டுக்குள்ளிருந்து பெண்குரல் கேட்டது.

"இது வீடா, பணியாரச் சட்டியா? ஆறின பாயசம் திரும்பக் கொதிக்குது."

"மெல்லப் பேசடி. மோதிரம் வரட்டும்."

"மோதிரம் போட விரல் மிஞ்சணுமே. நீர் மட்டும் தினம் பின்னாடிக் கொட்டகையிலே குறட்டை விட்டீரே, அங்கே இலையைப் போடச் சொல்லும்."

ராசா எழுந்து உட்கார்ந்தான். "இதைப் போட்டது யார், ஏகம்பரே?"

"பூதலிங்கம்தான் அரசே. தன் பகல் தூக்கத்துக்கு."

கதவு திறந்தது. வெந்த கத்தரிக்காய் போல வந்து நின்றான் பூதலிங்கம்.

"உனக்குப் படுக்க இது. எனக்கு அதுவா?" என்றான் ராசா.

"மகாராசா அந்தஸ்துக்கு..."

"அந்தஸ்துக்கு வேர்க்காதோ?"

கொட்டகையை ராசாவே எடுத்துக்கொண்டான். மோதிரம் ஏகம்பர் விரலிலேயே இருந்தது; கூடவே ஒரு முத்துமாலையும் கழுத்தில் ஏறியது. அவரோ அதோடு விடவில்லை.

"இவ்வளவு அழகாய்க் கட்டினவருக்குப் பரிசில்லையா, அரசே? வீட்டை அவருக்கே கொடுத்துவிடுங்கள். கோடை முழுக்க அதிலேதான் குடியிருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்."

"கொடுத்தோம்" என்றான் ராசா.

பூதலிங்கம் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். அவன் பெண்சாதி அன்று சாயங்காலமே மூட்டையைக் கட்டித் தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"ஆவணி பிறந்தால் சொல்லி அனுப்பும்" என்றாளாம்.